உன் படத்தின் கீழே நான் எழுதாத பதில்

மகள்,

நீ முல்லைத்தீவுக்கு வேலைக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள். அன்று காலை ஊர்காவற்றுறையில் பஸ் ஏறும்போது உன் பையைத் தூக்கித் தர நான் கையை நீட்டினேன். "விடுங்கோ அம்மா, பாரம் தூக்கலாம் எண்டு டொக்டர் எப்பவோ சொல்லிப்போட்டார்" என்று சிரித்துக்கொண்டு நீயே தூக்கி உள்ளே போட்டாய். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம், "உவதானே தமையனுக்குக் கிட்னி குடுத்த பிள்ளை?" என்று கேட்டாள். "ஓம், என்ர மகள்தான்" என்றேன். அந்த "ஓம்" இவ்வளவு இலேசாக என் வாயிலிருந்து வர மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அண்ணா இதைத் தட்டச்சுச் செய்து உனக்கு அனுப்புவான். வாசித்துப் பார்த்து, உனக்குச் சம்மதமென்றால் உன் முகநூல் பக்கத்தில் எல்லாரும் வாசிக்கப் போடு. உன் படத்தின் கீழே கண்டவர் காணாதவர் எல்லாம் எழுதினார்கள். பெற்றவள் மட்டும் ஒரு வரி எழுதவில்லை.

உன் அண்ணாவுக்கு வருத்தம் என்று தெரிந்தபோது அவனுக்கு இருபத்தேழு வயது. யாழ்ப்பாணத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை. கால் வீங்குகிறது என்றான். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவனுக்கு வீங்கத்தானே செய்யும் என்று நான் நல்லெண்ணெய் தடவிவிட்டேன். சாப்பாடு வயிற்றில் தங்கவில்லை என்றான். கடைச் சாப்பாட்டைக் குறை சொன்னேன். அப்பா வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன அன்றுதான் இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது என்று தெரிந்தது. அதன் பிறகு கிழமையில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணம் போகவேண்டும். காலைப் பஸ்ஸில் அப்பாவும் அவனும் போவார்கள். பின்னேரம் திரும்பி வரும்போது, கரம்பொன் சந்தியிலிருந்து வீட்டுக்கு நடக்கிற அந்தச் சின்னத் தூரத்துக்குள் அவன் இரண்டு தரம் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பழையபடி வாழலாம், வீட்டில் யாரும் கொடுக்க முடியுமா என்று பாருங்கள் என்று டொக்டர் சொன்னார். அப்பாவுக்கு நீரிழிவு. அவரைக் கேட்ட இடத்திலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். அடுத்தது நான்.

இதை உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. என்னுடைய இரத்த அழுத்தம் மிகவும் கூட, என்னிடமிருந்து எடுக்க முடியாது என்று டொக்டர் சொன்னபோது நான் அழுதேன். நீ என் தோளைப் பிடித்து ஆறுதல் சொன்னாய். அந்த அழுகையோடு, என்னை வெட்டமாட்டார்கள் என்ற நிம்மதியும் இருந்தது மகள். ஊசிக்கே கண்ணை மூடுகிறவள் நான். என் பிள்ளை மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், எனக்கோ நெஞ்சுக்குள் ஒரு மூச்சு லேசாக இறங்குகிறது. அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

அடுத்த நாள் குசினிக்குள் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமலே, "அப்ப நான்தானே மிச்சம்" என்றாய். உனக்கு அப்போது இருபத்திநான்கு வயது. விவசாயக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். அண்ணா கேள்விப்பட்டவுடன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். "தங்கச்சியை வெட்டித்தான் நான் வாழவேணுமெண்டால் அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம். அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தா நான் அந்தப் பக்கமே வரமாட்டன்" என்றான். இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நீ அவன் கட்டிலில் போய் இருந்துகொண்டு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அண்ணா, நீ செத்துப்போனா அப்பாவையும் அம்மாவையும் நான் தனியப் பாக்கவேணும். என்னால ஏலாது. அந்தப் பயத்திலதான் தாறன். பெரிய தியாகி எண்டு நினைக்காதை." பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதான்.

கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். எத்தனை பரிசோதனை, எத்தனை குழாய் இரத்தம். ஒருநாள் டொக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு உன்னைத் தனியே இருத்திக் கதைத்தார். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் பக்கத்தில் இருந்தார். கதவு வெகுநேரம் திறக்கவில்லை. என்ன கேட்டார் என்று நான் கேட்டதற்கு "சும்மா" என்றாய். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், வவுனியா தாண்டிய பிறகுதான் சொன்னாய். வீட்டில் யாரும் வற்புறுத்தினார்களா என்று கேட்டாராம். இப்போதும் வேண்டாம் என்று சொல்லலாம், நீ சொன்னதென்று யாருக்கும் தெரியவராது, மருத்துவக் காரணத்தால் முடியாது என்றே வீட்டாருக்குச் சொல்வோம் என்றாராம். "நீ என்ன சொன்னனி?" என்றேன். "எனக்குப் பயமாத்தான் இருக்கு எண்டன். பயம் வேற, விருப்பமில்லாதது வேற எண்டன்" என்றாய். பிறகு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டாய். வீட்டாருக்குத் தெரியாமலே வெளியேற உனக்கு ஒரு கதவு திறந்து கிடந்தது. நீ அதைப் பார்த்தாய், பார்த்துவிட்டு உள்ளேயே நின்றாய். யாழ்ப்பாணம் வரும்வரை நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒப்பரேசன் முடிந்து இரண்டு பேரும் தப்பி வந்தீர்கள். நாலாம் மாதம் நீ படிக்கத் திரும்பிப் போனாய். ஊராருக்கு நான் சொன்னது வேறு. மகனுக்குக் கண்டியில் ஒருவர் கொடுத்தார் என்றேன். உனக்கு வயிற்றில் சின்ன ஒப்பரேசன் என்றேன். உனக்குக் கலியாணம் பேசவேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். அந்த நேரம் உனக்கு என்னோடு சண்டை பிடிக்கத் தெம்பு இல்லை. அடுத்த வருடம், ஒப்பரேசன் நடந்த அதே நாளில் அண்ணா, என்னைக் கேட்காமல், இறங்குதுறையில் நீங்கள் இரண்டு பேரும் நிற்கிற படத்தைப் போட்டு, "இன்றைக்கு எனக்கு ஒரு வயது. இந்த உயிர் தங்கச்சி தந்தது" என்று எழுதினான். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் நடத்துகிற பக்கமொன்று அதை எடுத்துப் போட்டது. பொழுதுபடுவதற்குள் உலகத்தின் எந்த மூலையில் எங்கள் தீவார் இருக்கிறார்களோ அங்கெல்லாம் போய்விட்டது.

அப்போது உனக்கு வேலணைப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்தார். "படம் பாத்தனாங்கள். நல்ல பிள்ளை, நல்ல மனம். ஆனா எங்களுக்கு ஒரே ஒரு மகன், பேரப்பிள்ளை பாக்க ஆசை. குறை நினைக்காதேங்கோ" என்றார். நான் அவரோடு ஒரு வார்த்தை வாதாடவில்லை. போனை வைத்துவிட்டு அண்ணாவைத்தான் திட்டினேன். உயிர் தந்தவளின் வாழ்க்கையை நீயே கெடுத்துப்போட்டாய் என்றேன். அவன் முகம் செத்துப்போனது. உடனே படத்தை அழித்துவிட்டான். ஒரு தாய் நோயிலிருந்து எழும்பிய பிள்ளைக்குச் சொல்லக்கூடாத சொல் அது. அதற்காக அவனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

நீ சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாய். செருப்பைக் கழற்றவும் இல்லை. "படத்தை ஏன் அழிச்சனீங்கள்?" என்றாய். "உனக்காகத்தான் பிள்ளை" என்றேன். "நான் களவெடுத்தனானோ அம்மா? என்ர உடம்பில இருக்கிற தழும்பைப் பாக்க எனக்கு வெட்கமில்லை. நீங்கள் ஏன் வெட்கப்படுறியள்?" என்றாய். நீ சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். நீ மெதுவாகத்தான் கேட்டாய். அன்றைக்கே அதே படத்தை உன் பெயரில், உன் பக்கத்தில் நீயே போட்டாய். நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாய். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றதைக்கூட, யாரென்று சொல்லாமல், எழுதினாய்.

மத்தியானச் சமையல் முடிந்ததும் அண்ணாவின் பழைய போனை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பின்னூட்டங்களை வாசிப்பது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. கும்பிட்டவர்கள் இருந்தார்கள், அழுத முகம் போட்டவர்கள் இருந்தார்கள். ஒருவர் "இனி இந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறக்குமோ?" என்று எழுதியிருந்தார். நீ, "பிறக்கும். டொக்டரிட்டைக் கேட்டனான். ஒரு வருசம் பொறுக்கச் சொன்னவர். அது முடிஞ்சுது. இனி மாப்பிளைதான் வேணும்" என்று எழுதினாய். "கடவுள் தந்த உடம்போடு முழுசாகப் போகவேண்டும்" என்றார் ஒருவர். "எங்கட அப்பாவுக்கு நாலு பல்லு இல்லை. அவரை மேல விடமாட்டினமோ?" என்று கேட்டாய். சும்மா கொடுத்திருக்கமாட்டாள், விற்றிருப்பாள் என்று எழுதினவனுக்கு, "வாங்கின அண்ணா வீட்டிலதான் இருக்கிறான். வந்து விசாரியுங்கோ, தேத்தண்ணி தாறம்" என்றாய். "செத்த பிறகு கொடுக்கலாம், உயிரோடு ஏன் கொடுக்கவேண்டும்?" என்று ஒரு பெரிய மனிதர் நீட்டி எழுதியிருந்தார். அவருக்கு நீ எழுதியதை நான் அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். "ஐயா, செத்த பிறகு குடுக்கிறன் எண்டு நீங்கள் எழுதி வைச்சிருக்கிறியளோ? வீட்டாருக்குச் சொல்லி வைச்சிருக்கிறியளோ? பத்துப் பேர் அப்பிடிச் செய்திருந்தால் நான் வெட்டுப்பட்டிருக்கத் தேவையில்லை." அதன் கீழே, தாங்கள் வீட்டில் சொல்லிவிட்டோம் என்று சிலர் எழுதத் தொடங்கினார்கள். வாழும் தெய்வம் என்றவர்களுக்கு "தெய்வமில்லை, விவசாய டிப்ளோமா" என்றாய். மன்னாரிலிருந்து ஒரு தகப்பன், மகனுக்கு இரத்தம் சுத்திகரிக்கிறோம், எங்கே போய் யாரைக் கேட்பது என்று எழுதியிருந்தார். அவருக்கு மட்டும் நீ பகிடி விடவில்லை. எந்த நாளில் எந்தக் கிளினிக், என்னென்ன கடிதம் கொண்டு போகவேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினாய். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இவள் எங்கட பிள்ளைதானே?" என்று கேட்டார். அந்த மத்தியானம் எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முற்றத்தைக் கூட்டினேன்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. பிரான்சில் இருக்கிற ஒரு பெண். முகத்துக்குப் பதிலாகப் பூப் படம் போட்டிருந்தார். "தங்கச்சிக்கு வருத்தம் வந்திருந்தால், இதே தாய் தகப்பன் தமையனை வெட்ட விட்டிருப்பினமோ?" அவ்வளவுதான். நிறையப் பேர் அவரைத் திட்டினார்கள். தாயைப் பற்றி அப்படிக் கேட்கலாமா என்றார்கள். அடுத்த நாள் நீ பதில் எழுதினாய். "அக்கா, கேள்வி நியாயம். எங்கட வீட்டிலயும் ஆம்பிளைப் பிள்ளைக்கு ஒரு பிடி சோறு கூடத்தான் விழும். ஆனா நான் குடுத்தது அதால இல்லை, அவன் என்ர அண்ணா எண்டதால. என்ர அம்மாவில பிழை பிடிக்கிறதுக்கு என்ர கிட்னியைப் பாவிக்காதேங்கோ." நீ என்னைக் காப்பாற்றினாய். ஆனால் அந்தக் கேள்வி எனக்குரியது. நான்தான் பதில் சொல்லியிருக்கவேண்டும்.

பதில் இதுதான். விட்டிருக்கமாட்டேன். கடைசியில் வேறு வழியில்லாமல் விட்டிருப்பேனோ தெரியாது, ஆனால் அதற்கு முதல் நூறு தரம் வேண்டாம் என்றிருப்பேன். உழைக்கிறவன், நாளைக்கு ஒரு குடும்பத்தைப் பார்க்கவேண்டியவன் என்றிருப்பேன். நீ குசினிக்குள் "நான்தானே மிச்சம்" என்றபோது நான் ஒருதரம்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேன், நன்றி சொல்கிறவள்போல. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் அப்படித்தான் இருந்தேன். அண்ணா பெரிய பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவனுக்குச் சைக்கிள் வாங்கினோம். உன் முறை வந்தபோது, "அண்ணாவோட பின்னால ஏறிப் போ" என்றேன். நீ சண்டை பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நித்திரையால் எழும்ப முதல் அவனுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், பாருக்குக் கீழால் காலை விட்டு ஓடப் பழகினாய். முழங்கால் இரண்டும் உரசுப்பட்டு வந்தபோது, பொம்பிளைப் பிள்ளைக்குத் தழும்பு வந்தால் யார் கட்டுவார் என்றுதான் நான் கத்தினேன். பிள்ளையின் நோவைப் பற்றிக் கேட்கவில்லை.

இனி உனக்குத் தெரியாத கதை ஒன்று. நீ யாழ்ப்பாணத்தில் பயிற்சிக்கு நின்ற மாதம், ஒரு பின்னேரம், மடத்துவெளியிலிருந்து ஒரு பெண் இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். என்னிலும் நாலைந்து வயது இளையவர். தேத்தண்ணியைக் கையில் வாங்கியவுடனே விஷயத்துக்கு வந்துவிட்டார். "அக்கா, என்ர மருமகளுக்கு ரெண்டு கிட்னியும் பழுது. மகன் தான் குடுக்கப்போறன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான். உங்கட மகள் எழுதினதுகளை எனக்கு வாசிச்சு வாசிச்சுக் காட்டுறான். நீங்களும் ஒரு தாய். உங்கட பிள்ளை இப்ப படுகிற பாட்டை அவனுக்கு ஒருக்காப் போனில சொல்லிவிடுங்கோ. சொன்னால் கேப்பான்."

"என்ன பாடு?" என்றேன்.

"ஏதும் இருக்கும்தானே. இடுப்பில நாரி நோ, களைப்பு…"

"பிள்ளை வீட்டை வந்தால் சைக்கிளில ஊர்காவற்றுறைக்குப் போய் வாறா. களைப்பு எனக்குத்தான்" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "அப்ப உங்களுக்குப் பயம் வரேல்லையோ?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இருங்கோ என்று கையைப் பிடித்து இருத்தி, உனக்கு இதில் இதுவரை எழுதியதையெல்லாம் முதன்முதலாக அவருக்குத்தான் சொன்னேன். கடைசியாக, "ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. மருமகள் குடுத்து மகன் வாங்கிறதெண்டால், இண்டைக்கு ரெண்டு பஸ் மாறி வந்திருப்பியளோ?" என்றேன். அவர் கோப்பையைத் திரும்ப எடுத்து ஒரு வாய் குடித்தார். "வந்திருக்கமாட்டன்" என்றார். "நானும் வந்திருக்கமாட்டன்" என்றேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம். பஸ் நிற்கும் இடம்வரை கூட நடந்து போனேன். மகன் பரிசோதனைகளுக்குப் போகும்போது தானும் கூடப் போவதாக அவர் போனில் சொன்னது பத்து நாள் கழித்து.

நீ தனியே இருக்கிற இடத்தில் உனக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வயலுக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தலை மறக்காதே. தலையிடி நாரி நோ என்று கடையில் கண்ட குளிசையை வாங்கிப் போடாதே, டொக்டரைக் கேள். வருடத்துக்கு ஒருதரம் இரத்தம் சோதிப்பதைத் தள்ளிப்போடாதே. கூடாமல் எழுதுகிறவர்களை நீ சமாளிப்பாய், அது எனக்குத் தெரியும். தெய்வம் என்று எழுதுகிறவர்களிடம் கொஞ்சம் கவனமாக இரு. தெய்வத்துக்குக் களைக்காது, கோபம் வராது, தனக்கென்று ஒன்றும் கேட்காது என்று நினைப்பார்கள். நீ களைத்தால் களைக்கிறது என்று சொல். வேண்டாததை வேண்டாம் என்று சொல், எனக்கும் சொல். கலியாணம் உன் விருப்பம். யாரும் கேட்டு வந்தால் தழும்பைப் பற்றி முதல் வார்த்தையிலேயே நான் சொல்லுவேன், தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவேன். அதற்குப் பிறகும் இருந்து கதைக்கிறவரோடுதான் எங்களுக்குக் கதை.

இதை எழுதத் தொடங்கியது முந்தாநாள். நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு மடத்துவெளிப் பெண் கண்டியிலிருந்து போன் எடுத்தார். "அக்கா, ரெண்டு பேரையும் ஒப்பரேசனுக்கு உள்ளுக்குக் கொண்டு போட்டினம். நான் இனி என்ன செய்ய?" என்றார். "கும்பிட்டுக்கொண்டு இருங்கோ. வெளியில கொண்டு வந்தவுடனே மகனிட்டைப் போங்கோ. எல்லாரும் வாங்கினவையிட்டைத்தான் ஓடுவினம். குடுத்தவர் தனிய முழிப்பார்" என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

உனக்குத் தெரியும் மகள். அன்றைக்கு நான் அண்ணாவின் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். மத்தியானத்திலிருந்து நாலு மணிவரை அங்கேயே நின்றேன். கீழ் மாடியில் நீ கண் முழித்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு சிங்களப் பெண்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தாதி வந்து சொன்ன பிறகுதான் ஓடி வந்தேன். உதடு காய்ந்து வெடித்திருந்தது. எங்கே போனனீங்கள் என்று நீ கேட்கவில்லை. "அண்ணாவுக்குச் சலம் போகுதோ?" என்று கேட்டாய், வைத்த சிறுநீரகம் வேலை செய்து சிறுநீர் வருகிறதா என்று. "ஓம்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். நீ அதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் அந்தப் பெண் திரும்ப எடுத்தார். "அக்கா, நான் மகனிட்டைத்தான் நிக்கிறன். இப்பதான் கண் முழிச்சவன். என்னைக் கண்டவுடனே, மனுசிக்குச் சலம் போகுதோ எண்டு கேக்கிறான். நான் இன்னும் அங்கை போய்ப் பாக்கேல்லை. என்ன சொல்ல?"

"தாதியிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றேன். "கையை மட்டும் விடாதேங்கோ."

அம்மா